ரயிலுக்குப் பதில் சொன்னவர்

ரயிலைப் பிடித்தவர்கள் உண்டு, தவறவிட்டவர்கள் உண்டு, உட்கார்ந்த இடத்திலேயே ரயில் விடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ரயில் கூப்பிட்டதற்கு மரியாதையாகப் பதில் சொன்ன மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், என் அறைக்கு எதிர்வீட்டில் குடியிருந்தார். ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். ஊருக்கு அவர் ‘இருக்கேனுங்க’.

தொண்ணூறுகளின் தொடக்கம். தேங்காய் நார் மில் ஒன்றில் ஆபீஸ் வேலை கிடைத்து அந்த ஊருக்குப் போயிருந்தேன். அங்கே எனக்குத் தெரிந்த ஜீவன் ஒன்று கூடக் கிடையாது. முதல் நாள் காலையில் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சி வண்டி நீளமாக ஒரு விசில் கொடுத்தது. அது முடிவதற்குள் எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

“இருக்கேனுங்க!”

யாரோ கிணற்றுக்குள்ளிருந்து கத்துகிறார்கள் என்று வாயில் நுரையோடு ஓடினேன். அங்கே வேப்பமரத்தடியில் ஒருவர், எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றி நிதானமாகக் காயில் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணுமில்லீங் தம்பி. வண்டி கூப்புட்டுது, சொன்னேன். நீங்க மொதல்ல வாயக் கொப்புளிங்க.”

விஷயம் இதுதான். அவர் வீட்டு வேலியை ஒட்டி மீட்டர்கேஜ் ரயில்பாதை போகிறது. கொஞ்ச தூரத்தில் ஒரு வண்டித்தடம் அந்தப் பாதையைக் கடக்கும். அதற்குக் கேட்டும் கிடையாது, கேட்கீப்பரும் கிடையாது. அப்படிப்பட்ட இடத்துக்கு முன்னால் மஞ்சள் பலகை ஒன்றை நட்டு, அதில் ஆங்கிலத்தில் டபிள்யூ, எல் என்று இரண்டு எழுத்து போட வேண்டும் என்பது ரயில்வே விதி. பலகையைப் பார்த்ததும் டிரைவர் விசில் கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பலகை நின்றது சரியாக இவர் சமையலறை ஜன்னலுக்கு எதிரில்.

வண்டி போகும் நேரமெல்லாம் பதில் போகும். குளிக்கும்போது விசில் வந்தால் தலையெல்லாம் சோப்போடு “இருக்கேனுங்க!” நாவிதர் பாதி மீசையை வழித்திருக்கும்போது வந்தால், கத்தியைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லிவிட்டு “இருக்கேனுங்க!” ஒருமுறை என்னோடு டவுன் பஸ்ஸில் வரும்போது எங்கோ தூரத்தில் ரயில் ஊதியது. மனிதர் எழுந்து நின்று குரல் கொடுத்தார். கண்டக்டர் பதறிப்போய், “நீங்க இருக்கறது தெரியுதுங்க, டிக்கெட் எடுத்தீங்களா?” என்றார்.

காய்ச்சலில் தொண்டை கட்டிக்கொண்ட வாரத்தில் கூட ஸ்பானரால் தட்டைத் தட்டிப் பதில் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. நாலு எழுத்துப் படித்தவன் இல்லையா, போய் விளக்கினேன்.

“அது உங்களைக் கூப்புடலீங்க. அந்தப் பலகையைப் பாத்தா ஊதோணும்னு அவங்களுக்குச் சட்டம்.”

“சட்டமோ பிரியமோ, கூப்புட்டாக் கூப்புட்டதுதானுங் தம்பி. பதில் சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?”

அவருக்கு மனைவி தவறிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் அவிநாசியில்; பொங்கலுக்கு வந்து போவாள். மற்றபடி அந்த வாசலில் மனிதர்கள் வந்து நிற்க வேண்டுமானால் யார் தோட்டத்திலாவது மோட்டார் எரிய வேண்டும். எதுவும் எரியாமலேயே அவரைக் கூப்பிட்டது அந்த ரயில் மட்டும்தான்.

அப்புறம் ஒரு நாள் அந்த வண்டித்தடத்தை மூடிவிட்டார்கள். எல்லோரும் இனிமேல் ஊருக்குள் இருக்கும் பெரிய கேட் வழியாகத்தான் போக வேண்டுமாம். கடக்கும் வழியே இல்லை என்றால் எச்சரிக்கை எதற்கு? ரயில்வே கேங்மேன்கள் கடப்பாரையோடு வந்து மஞ்சள் பலகையைப் பிடுங்கினார்கள். இவர் அவர்களுக்கு மோர் கொடுத்தார். பலகை அசையாமல் அடம்பிடித்தபோது தானே ஒரு கை கொடுத்தார். எதைப் பிடுங்குகிறோம் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

சாயங்கால வண்டி வந்தது. இவர் காயில் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, வாயை லேசாகத் திறந்துகொண்டு காத்திருந்தார். வண்டி வந்தது, போனது. கடைசிப் பெட்டி மறைந்த பிறகும் வாய் மூடவில்லை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கலாம் என்று நினைத்தேன், வரவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அவர் கட்டிக் கொடுத்த மோட்டார்கள் மாட்டிய வேகத்தில் புகைந்தன. ஒருவருடைய மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. அடுப்பு எரிந்ததா என்று கூடத் தெரியவில்லை. பேச்சு “ம்” என்ற ஓர் எழுத்தோடு முடிந்துபோனது.

திடீரென்று ஒரு காலையில் விசில்! பின்னாலேயே, “இருக்கேனுங்க!” நான் சட்டைப் பொத்தானைக் கூடப் போடாமல் வெளியே ஓடினேன். பழைய இடத்திலேயே புத்தம் புதிதாக ஒரு மஞ்சள் பலகை. மோட்டாருக்கு அடிக்கும் பெயிண்டில், அதே டபிள்யூ, அதே எல். சர்க்கார் பலகை தோற்றது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கும் அது அங்கேயே நின்றிருக்கும். ஆனால் நம் ஆள் கொங்கு நாட்டுக்காரர் ஆயிற்றே! டிரைவரைப் பார்த்து வெறுமனே இரண்டு எழுத்தில் உத்தரவு போட அவருக்கு மனம் வரவில்லை. கீழே தமிழில் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘ஏனுங்க, ஒரு சத்தம் குடுத்துப்போட்டுப் போங்க.’

டிரைவர்களுக்கு இந்த மரியாதை பிடித்துப்போயிருக்க வேண்டும். முன்னைவிட நீளமாகவே ஊதினார்கள். ஆனால் ஒரு மதியம் ஆட்கள் தள்ளிவரும் டிராலியில் ரயில்வே இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து இறங்கினார். பலகையைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“யாருய்யா இதை நட்டது?”

“நானுங்க.”

“ரயில்வே என்னிக்கய்யா ‘போங்க’ன்னு மரியாதையா எழுதியிருக்கு? டிராலியில வரும்போதே தெரிஞ்சுபோச்சு, இது நம்ம பலகை இல்லேன்னு.”

“வண்டிய நிறுத்தச் சொல்லலீங்களே சார். ஒரு சத்தந்தானுங்க கேட்டேன்.”

“லைன் ஓரத்துல பலகை நட்டா அது டிரைவருக்கு உத்தரவு. வேற யாரும் நடக்கூடாது. ஜெயில்ல போடலாம், தெரியுமா?”

‘இருக்கேனுங்க’ அசையவில்லை. ஜெயிலிலும் ஜன்னலுக்கு வெளியே ரயில் போகுமா என்று யோசித்திருப்பார். இன்ஸ்பெக்டருக்கு என்ன தோன்றியதோ, குரலைத் தணித்தார்.

“பெரியவரே, இங்கே வழி இல்லேன்னு டிரைவருக்குத் தெரியும். காரணமில்லாத பலகையைப் பாத்துப் பழகிட்டான்னா, நாளைக்கு நிஜப் பலகைகிட்டயும் ஊதாமப் போயிடுவான். அங்கே மாட்டுவண்டியில ஒரு குடும்பம் கடந்துக்கிட்டு இருக்கும்.”

இவர் தண்டவாளத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்க் கடப்பாரையோடு வந்தார்.

“தப்புத்தானுங்க சார். நானே எடுத்துப்போடறேன்.”

பலகையைத் தானே பிடுங்கி, மண்ணைத் தட்டிவிட்டு, டிராலியில் வைத்தார். இன்ஸ்பெக்டர் கேஸ் எழுதவில்லை. போகும்போது இவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அன்று சாயங்காலம் வண்டி ஊமையாகக் கடந்தது. எதிர்வீட்டில் விளக்கு கூடப் போடவில்லை. என் அறையில் ஸ்டவ்வில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தேன். வேலிக்கு வெளியே நின்றேன். வேப்பமரத்தடியில் அவர் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. இருந்தாலும் ஊருக்கே கேட்கும்படி கத்தினேன்.

“ஏனுங்க! இருக்கீங்களா?”

பதில் வர நேரமாயிற்று. என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறாரோ என்று திரும்பக் காலெடுத்தேன்.

“இருக்கேனுங்க,” என்றார். கத்தவில்லை. கொஞ்சம் கழித்து, “சாப்டாச்சுங்களா தம்பி?” என்று எழுந்து விளக்கைப் போட்டார்.

அதன் பிறகு சாயங்கால வண்டி கடக்கும் நேரத்தில் எனக்கு அந்த வேலிப்பக்கம் ஏதாவது வேலை இருந்துகொண்டே இருந்தது. தீப்பெட்டி கேட்பேன், மணி கேட்பேன். கேட்க ஒன்றும் இல்லாத நாளில் வெறுமனே கூப்பிடுவேன். மில்லில் என்னை ‘ரயில்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

ஒரு மழைநாளில் எனக்குக் காய்ச்சல். போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். சாயங்கால வண்டி போகும் சத்தம் கேட்டது, எழுந்திருக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஈர மண்ணில் செருப்புச் சத்தம். என் கதவுக்கு வெளியே வந்து நின்றது.

“ஏனுங் தம்பி, இருக்கீங்களா?”

அந்த ஊரில் அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. என்னால் முடிந்த மட்டும் சத்தமாகச் சொன்னேன்.

“இருக்கேனுங்க.”