ஊறிய தேயிலைத் தீர்ப்பு

ஒரு காட்டில், ரங்கூனுக்கு வடக்கே மூங்கில் மண்டிய காட்டில், ஊ போ என்ற கரடியார் தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு கறையான் புற்றருகே. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "என் தம்பி பட்டணத்து மிருகக்காட்சிசாலையில கிடக்கான். கூட்டிட்டு வந்துடுங்க. நீங்க தனியா இருக்கக்கூடாது." மறுநாள் அவள் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்ததும் ஊ போ கிளம்பினார். லுங்கி கட்டினார். பட்டண வழக்கப்படி கன்னத்தில் தனாக்காப் பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டார். மிருகக்காட்சிசாலை வாசல் காவலர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மைத்துனன் மவுங் லே கூண்டுக்குள் உட்கார்ந்து மோஹிங்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அரிசி நூடுல்ஸ் மேல் கொதிக்கக் கொதிக்க மீன் குழம்பு. கூண்டுக்குப் பூட்டு இல்லை. தாழ்ப்பாள் மட்டும், அதுவும் உள்பக்கம்.

"வாங்க அத்தான்! முதல்ல சாப்பிடுங்க."

ஊ போ கிண்ணத்தை நக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளை, கிளம்பு. உங்க அக்காவோட கடைசி ஆசை."

"அக்கா இல்லாத காட்டுல எனக்கென்ன இருக்கு? கறையான்."

"கறையானுக்கு என்னடா குறைச்சல்?"

"அது நம்மகூட செல்ஃபி எடுக்காது அத்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அச்சு அசல் அக்காவின் சிரிப்பு. அதன் பிறகு ஊ போ அவனை விட்டுவிட்டுப் போவதாக இல்லை.

வாக்குவாதம், அங்கே மிருகங்களின் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் யானையம்மாவிடம் போனது. பழைய பர்மிய வழக்கம் ஒன்றை அவர் விடாமல் காத்துவந்தார். ஊறவைத்த தேயிலையில் பூண்டு, எள், வேர்க்கடலை கலந்த லப்பெட் தட்டை நடுவில் வைப்பார். அதில் ஒரு வாய் தின்றால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். தின்னாதவரைத் தீர்ப்பு கட்டாது.

யானையம்மா கண்ணை மூடி யோசித்தார். யானை யோசித்தால் நேரமாகும். பூண்டு மணந்தது. ஊ போ ஒரு கடலையை எடுத்தார். அது தனியாகப் போகக்கூடாது என்று இன்னொன்றை எடுத்தார்.

யானையம்மா கண்ணைத் திறந்தார். "செத்தவ பேச்சைத் தட்டக்கூடாது. ரெண்டு பேரும் இன்னைக்கே காட்டுக்குப் போகணும். ம், லப்பெட் எடுங்க."

தட்டு கழுவி வைத்ததுபோல் இருந்தது.

மவுங் லே கையை விரித்தான். "நான் ரெடிதாம்மா. எதைத் தின்னு ஏத்துக்கறது?"

"வேற தட்டு வாங்கிட்டு வரேன்!" என்று ஊ போ பதறினார்.

"ஒரு வழக்குக்கு ஒரு தட்டுதான்" என்றார் யானையம்மா. "நீங்க சாப்பிட்டீங்களா?"

"கொஞ்சம்..."

"மீசையில எள்ளு இருக்கு. தீர்ப்பு உங்களைக் கட்டும். கிளம்புங்க."

மவுங் லே வாசல்வரை வந்து, வழிக்கு மோஹிங்கா கட்டிக் கொடுத்தான். "அடிக்கடி வாங்க அத்தான்" என்றான்.

அந்தக் காட்டில் இப்போது ஒரு கரடி இருக்கிறது.

நீதி: நியாயம் உங்கள் பக்கம் இருந்தால், எதிராளிக்கு முதலில் ஊட்டிவிடுங்கள்.