அமைச்சர் குடித்த மறுப்பு

வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும் அளவே இருந்தது கரைநாடு. கடவுள் அந்நாட்டுக்கு ஒரே ஓர் ஏரியைக் கொடுத்திருந்தார். யாரையும் விட்டுவிடாமல் எல்லாருக்குமாகக் கொடுத்திருந்தார்.

ஏரியின் அழகைக் குடிகள் கண்டு களிக்கட்டும் என்று மன்னர் கரையில் ஒரு மாளிகை எழுப்பினார். மாளிகை ஏரியை மறைத்துவிட்டது. மறைந்த ஏரியைக் காண அதைவிட உயரமாக இரண்டாவது மாளிகை வந்தது. அது மறைத்ததைக் காண மூன்றாவது. இப்படி எட்டு மாளிகைகள் ஆனபின், குளிக்கவும் குடிக்கவும் ஒரே ஒரு படித்துறை மிஞ்சியது. ஒன்பதாவதை அங்கே கட்டப்போவதாகப் பறை அறைந்தார்கள்.

பறை கேட்டதும் தெய்வானை சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அவள் கணவன் மாசானம் பனையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனவன். தினமும் காலையில் அவனைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் அந்தத் துறையில் இறக்குவாள். மார்பளவு ஆழத்தில் நீர் தாங்கிக்கொள்ள, அரைமணி நேரம் அவன் நிற்பான். உலகத்தில் அவன் நிற்கும் இடம் அது ஒன்றுதான்.

கரைநாட்டில் மறுப்புச் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. ஏரி நீரை இரு கையிலும் ஏந்திக்கொண்டு சபையில் பேச வேண்டும். கை காய்ந்தால் பேச்சு முடிந்தது. காய்ந்தபின் அதே ஆள் மறுபடி ஏந்தக் கூடாது. மக்களின் வசதிக்காகச் சபையை ஏரியிலிருந்து அரை மைல் தள்ளிக் கட்டியிருந்தார்கள். வந்து சேர்வதற்குள் எல்லார் கையும் காய்ந்துவிடும். "மறுப்பு எதுவும் வரவில்லை" என்று எழுத்தர் அனந்தப்பர் எட்டு மாளிகைக்கும் எழுதிக் கொடுத்தார். அந்த ஏடு இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.

தெய்வானை வீடு வீடாகப் போய்க் கேட்டாள். மறுநாள் படித்துறையிலிருந்து சபை வாசல்வரை ஊரே வரிசையாக நின்று, கையிலிருந்து கைக்கு நீர் வார்த்தது. ஓரிடத்தில் ஆள் குறைந்தபோது, காவலன் ஒருவன் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றுகொண்டான். வாசலில் நின்ற தெய்வானை கை நிறைய வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கரையழகு அமைச்சர் அதிரூபசேனர் முந்திரி தின்றுகொண்டிருந்தார்.

"குடிமகளே, ஏரி என்பது ஒரு காட்சி. காட்சிக்குப் படித்துறை எதற்கு?" என்றவருக்குப் புரையேறியது. கண் பிதுங்கியது, முகம் நீலமாயிற்று. சபைக் கிணறு ஆறாவது மாளிகையின்போதே வற்றிவிட்டதால் பானையில் சொட்டு நீர் இல்லை. அமைச்சருக்கு நீர் தரும் அதிகாரம் எந்தத் துறையுடையது என்று அதிகாரிகள் விதிநூலைப் புரட்டினார்கள்.

தெய்வானை தன் கையைப் பார்த்தாள். அந்த நீரில்தான் மாசானம் நின்றுகொண்டிருந்தான். ஒரு கணம்தான். படியேறிப்போய்க் கையை அமைச்சரின் வாயருகே கொண்டுபோனாள்.

"குடிங்கய்யா. மொதல்ல உசுரு."

அமைச்சர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். மூச்சு வந்தது.

"இனிக்கிறதே. இது எந்த நீர்?"

"நம்ம ஏரித் தண்ணிதாங்க."

"அதைக் குடிக்கவும் செய்யலாமா?" என்று வியந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்த அம்மையின் மறுப்பை நாமே அருந்திவிட்டோம். எழுத்தரே, மறுப்பு எதுவும் இல்லை என்று எழுதும். நன்றிக்கு அடையாளமாக ஒன்பதாவது மாளிகைக்கு இவள் பெயரையே வைப்போம்."

அனந்தப்பர் "மறுப்பு" என்று எழுதினார். அதற்குமேல் கை ஓடவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், வரிசையின் கடைசியில் நின்றவரிடம் இரு கையையும் நீட்டினார்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்துப்பா."

தள்ளுவண்டியைத் தினமும் வழியில் பார்ப்பவர்தான். திரும்பி வந்து தெய்வானையிடம் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் நிக்கிறதுக்கு எவ்ளோ ஆழம் வேணும்மா?"

"மார்பளவு இருந்தா போதுங்க."

அதை அவர் சபைக்குச் சொன்னார். பிறகு எட்டு மாளிகைகளைப் பற்றியும் சொன்னார். கை வற்றப் பார்த்தபோதெல்லாம் பின்னாலிருந்து யாராவது வார்த்தார்கள். பொழுது சாய்ந்ததும் அமைச்சர் பழக்கதோஷத்தில், "எழுத்தரே, எழுதும்," என்றார். நாற்காலி காலியாக இருந்தது.

ஒன்பதாவது மாளிகைக்கு இன்னும் ஏடு எழுதப்படவில்லை. மாசானம் காலையில் போய் நிற்கிறான். எழுத்தர் வேலைக்கு ஆள் வேண்டும் என்று கரைநாட்டில் தினமும் பறை அறைகிறார்கள். உள்ளூரில் யாரும் வராததால் அயல்நாட்டவரும் விண்ணப்பிக்கலாமாம். முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமையாம். நம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் கிளம்பியிருப்பதாகக் கேள்வி.