அடக்கம் செய்யும் உத்தரவு

யுத்தம் முடிந்த சமயம். அரிசிக்குத் தட்டுப்பாடு, அதிகாரிகளுக்கு இல்லை. சாந்தோமில் எங்கள் பள்ளிக்கும் ஒருவர் வந்து சேர்ந்தார். கங்காதரன். உத்தியோகம், 'பாலர் கவனப் பரிசோதகர்'. லண்டன் போய் வந்தவர். கவனமில்லாத பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாராம்.

"கவனமில்லாத பிள்ளை ஓரிடத்தில் இராது. எடுத்ததை முடிக்காது. கேள்வி முடியுமுன்..."

"பதில் சொல்லும் சார்!" என்றான் வால்டர், பெஞ்சு மேல் நின்று.

கண்டுபிடித்தாயிற்று. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவர் எழுதினார்: "மேற்படி வால்டரை இன்று மாலைக்குள் அடக்கம் செய்து தெரிவிக்கவும். தவறினால் பள்ளி மூடப்படும்." கையெழுத்திட்டார். டிபனுக்குப் போய்விட்டார்.

அடக்கி வை என்று எழுத நினைத்திருக்கிறார். லண்டன் தமிழ். எங்கள் மாதா கோயில் பங்கில் அடக்கம் செய்வது என்றால் ஒரே அர்த்தம்தான். தலைமையாசிரியர் காஸ்பர் சர்க்கார் எழுத்தைச் சந்தேகித்ததே கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் பவுல்சாமிக்கு ஆள் அனுப்பினார்.

வால்டரின் தாய் மர்சலின் மீன்கூடையோடு ஓடி வந்தாள்.

"இன்னா சார் இது அநியாயம்? புள்ள உசிரோட கீறான் சார்!"

"உத்தரவில் அது பற்றிக் குறிப்பு ஏதும் இல்லை, அம்மா."

பவுல்சாமி கயிற்றை நீட்டினார். "செத்த நேரம் ஆடாம நில்லு நைனா. அளவெடுக்கணும்."

"பொட்டிக்கா? ஜன்னல் வெச்சுடு மாமா!"

கயிற்றுக்கடியில் நுழைந்தான். வேப்பமரத்தில் ஏறிவிட்டான்.

அதிகாரி ஏப்பத்தோடு திரும்பினார். விஷயம் சொன்னோம். முகம் கறுத்தது. ஆனால் சர்க்கார் தப்பே செய்யாதே?

"உத்தரவை ரத்து செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. பெயரை மாற்றலாம். இங்கே யார் அடக்கமான பிள்ளை?"

ஆலிஸைக் காட்டினோம். வாயே திறக்காத பெண். வருஷம் பூராவும் ஜன்னல் காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஒரு பாடமும் அவள் காதில் விழுந்ததில்லை. அதிகாரி திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை.

"ஆகா! இதுவல்லவோ அடக்கம்! இதுவல்லவோ கவனம்!" உத்தரவில் வால்டரை அடித்துவிட்டு ஆலிஸ் என்று எழுதினார்.

எல்லோரும் கைதட்டினோம். மர்சலின்தான் பலமாகத் தட்டினாள். அவள் பிள்ளை பிழைத்தானே.

பவுல்சாமி உச்சி முதல் பாதம் வரை நிதானமாக அளந்தார். "தங்கமான பொண்ணு" என்றார். ஆலிஸ் காக்கையைப் பார்த்தபடி நின்றாள்.

மரத்தின் மேலிருந்து கத்தல்: "ஏ ஆலிஸ்! அது பொட்டிக்கு அளவு! ஓடு!"

"அவன் பேச்சைக் கேட்காதே, குழந்தை" என்றார் அதிகாரி. "கவனமில்லாத பயல்."