டென்மார்க்குப் போகத் தகுந்தவர்

தென்காசி வட்டார சர்வதேச கல்விப் பரிமாற்ற நட்புறவுக் கழகம் 1958-ஆம் ஆண்டு முறைப்படி பதிவு செய்யப்பட்டது. கழகத்துக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், பதினோரு செயற்குழு உறுப்பினர்கள், இரண்டு ரப்பர் முத்திரைகள் இருந்தன. பரிமாற்றம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

அதைக் கொண்டுவந்தவள் குழல்வாய்மொழி. அச்சன்புதூர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கொண்டையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருப்பாள். பிழை கண்ணில் பட்டால் அவள் கை சும்மா இராது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடமே, அதைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தவள்.

டென்மார்க் தேசத்து கிர்ஸ்டன் டீச்சருக்கும் இவளுக்கும் இரண்டு வருஷமாகக் கடிதப் போக்குவரத்து. கிர்ஸ்டனின் பள்ளியில் பிள்ளைகள் மரக்கட்டைகளை அடுக்கியே வகுத்தல் படிக்கிறார்களாம். அதை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது குழல்வாய்மொழிக்குத் தீராத ஆசை. அவள் நல்ல நேரம், அந்த ஊர் நட்புறவுச் சங்கமே எழுதியது: "உங்களில் ஒருவர் இங்கே மூன்று மாதம், எங்களில் ஒருவர் அங்கே மூன்று மாதம். பதிவு பெற்ற சங்கத்தின் மூலம் வரவும்."

கடிதத்தை எடுத்துக்கொண்டு கழகத்துக்குப் போனாள்.

கழகம் சாரல் விழுந்தால்தான் கூடும். ஐந்தருவிக்குப் பக்கத்துப் பங்களாவில், எண்ணெய் தேய்த்துக் குளித்த செயற்குழு, தலையில் ஈரத்துண்டோடு அமர்ந்திருந்தது. தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் கோப்புக் கட்டி ஓய்வு பெற்ற நமசிவாயம்தான் செயலாளர்.

"டீச்சர், பரிமாற்றம் எதுக்கு?"

"படிச்சுக்கிடதுக்கு, அண்ணாச்சி."

"படிக்க வேண்டியது யாரு? தெரிஞ்சவனா, தெரியாதவனா?"

"தெரியாதவன்தான்."

"நீங்க ரெண்டு வருஷமா கடுதாசி எழுதுதீய. டென்மார்க்கு உங்களுக்கு அத்துப்படி. பாடம் நடத்தவும் தெரியும். உங்களை அனுப்புனா அம்புட்டும் விரயம்லா?"

செயற்குழு தலையாட்டியது. துண்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. தீர்மானம் நிறைவேறியது: "அனுப்பப்படுபவர் கற்க வேண்டியது மிகுதியும் உள்ளவராக, அதாவது ஏதும் அறியாதவராக இருத்தல் வேண்டும். அன்னாரது அறியாமை நேர்முகத் தேர்வின் மூலம் உறுதி செய்யப்படும்."

குழல்வாய்மொழி விடவில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு, 'தெரிந்தவை: ஏதுமில்லை' என்று எழுதி விண்ணப்பம் போட்டாள்.

தேர்வு நாளில் முதல் ஆளாகப் பாவூர்சத்திரம் காய்கறி வியாபாரி செல்லச்சாமி வந்தார்.

"டென்மார்க்கு எங்கன இருக்கு?"

"நம்ம லாரி அங்கன போறதில்லையே!"

லாரி போகாத இடம் என்பதைத் தெரிந்து வைத்திருந்ததால் ஐந்து மதிப்பெண் குறைக்கப்பட்டது.

அடுத்து, கழகத்தின் தலைவரும் அரிசி ஆலை முதலாளியுமான சிவனணைந்தபெருமாள்.

"டென்மார்க்கு எங்கன இருக்கு, அண்ணாச்சி?"

"எனக்கு எதுக்குவே தெரியணும்? டிரைவருக்குத் தெரிஞ்சா போதாதா?"

செயற்குழு எழுந்து நின்று கைதட்டியது. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் அதே பதில். நூற்றுக்கு நூறு.

கடைசியாகக் குழல்வாய்மொழி.

"டென்மார்க்கு எங்கன இருக்கு?"

"தெரியாது."

"அங்க என்ன பாஷை?"

"தெரியாது, அண்ணாச்சி."

இதுவரை அவளும் தலைவரும் சமம். இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி. நமசிவாயம் குனிந்து, "டென்மார்க்கு... தலைநகரம் லண்டன்..." என்று முணுமுணுத்தபடி குறிப்பேட்டில் எழுதினார்.

குழல்வாய்மொழி பல்லைக் கடித்தாள். ஜன்னல் வழியாக அருவியைப் பார்த்தாள். ஐந்து கிளைகளையும் ஒவ்வொன்றாக எண்ணினாள். கை தானாகக் கொண்டைக்குப் போய்விட்டது.

"கோபன்ஹேகன், அண்ணாச்சி."

"பாத்தியளா டீச்சர்!" நமசிவாயத்துக்கே துக்கமாக இருந்தது. "ஒரு நிமிசம் பொறுத்திருக்கப்பிடாதா?"

தலைவர் கம்பளிக் கோட்டு தைத்துக்கொண்டு கப்பலேறினார். கழகத்தின் கொள்கை டென்மார்க் சங்கத்துக்கும் மிகவும் பிடித்துப்போயிற்று. அவர்கள் தங்கள் தலைவரான வெண்ணெய் வியாபாரியை அனுப்பிவைத்தார்கள். அவர் மூன்று மாதமும் அருவிக்கு அடியிலேயே நின்றுவிட்டுப் போனார். கிர்ஸ்டன் எழுதியிருந்தாள்: "தேர்வில் நானும் வாயைத் திறந்துவிட்டேன்."

தலைவர் திரும்பி வந்ததும் நமசிவாயம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், பயண அறிக்கை எழுதித் தரணும்."

"போயிட்டு வந்தவங்க எழுதட்டுமே!"

"அவருக்கு என்ன தெரியும்? தெரியாதுன்னுதானே அனுப்புனோம். தெரிஞ்சவங்கதானே எழுதணும்?"

யோசித்துப் பார்த்தாள். அவர் சொல்வதில் பிழை எதுவும் அகப்படவில்லை. மதிய இடைவேளைகளில், வகுப்பு மேசையிலேயே, கிர்ஸ்டனின் கடிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நாற்பத்தெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். மரக்கட்டை வகுத்தலுக்கு மட்டும் ஒன்பது பக்கம். கழகம் அதைத் தலைவர் பெயரில் அச்சிட்டு, வட்டாரப் பள்ளிகளுக்குத் துணைப்பாடமாக வழங்கியது. அவள் வகுப்புக்கும் முப்பத்தெட்டுப் பிரதி வந்தது.

ஆண்டுத் தேர்வின் முதல் கேள்வி: 'டென்மார்க் நாட்டுப் பள்ளிகளைப் பற்றி நூல் எழுதியவர் யார்?'

முப்பத்தேழு பிள்ளைகள் சரியாக எழுதியிருந்தார்கள். முதல் பெஞ்சில் உட்காரும் மாடத்தி மட்டும் 'எங்க டீச்சர்' என்று எழுதியிருந்தாள்.

குழல்வாய்மொழி அந்த விடையை இரண்டு முறை படித்தாள். பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, விடையைக் குறுக்கே அடித்தாள். பக்கத்தில் மணிமணியான எழுத்தில், 'உயர்திரு சிவனணைந்தபெருமாள் அவர்கள்' என்று திருத்தி எழுதிவிட்டு, பூஜ்யம் போட்டாள்.