ஆமாம் போட்ட நோயாளி

காலை பத்தேகாலுக்குள் தேவராஜுக்கு ஆறு நோய்கள் வந்துவிட்டன.

மஞ்சள் காமாலை என்றாள் ஒரு மாணவி. மலேரியா என்றான் அடுத்தவன். ஆறாவது ஆள் எழுதிய வியாதி உலகத்தில் இதுவரை யாருக்குமே வந்ததில்லை.

உண்மையில் தேவராஜுக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். வேலப்பன்சாவடி நர்சிங் கல்லூரித் தேர்வில் நோயாளியாக நடிக்க வந்தவர். சொல்ல வேண்டியது ஒரே வசனம்: "வயிறு எரியுது."

பேராசிரியை ஆக்னஸுக்கு இந்தத் தேர்வு மூன்று வருஷத் தவம். நாளைய நர்சுகளுக்கு நோயாளி பேசுவதைக் கேட்கத் தெரிவதே முதல் பாடம் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதி எழுதி அவர் விரலே பாதியாகத் தேய்ந்திருந்தது. இன்று பாடத்திட்டக் கமிட்டி நேரில் வருகிறது. தலையாட்டினால் பிழைத்தது, இல்லாவிட்டால் பழையபடி நெட்டுருதான்.

"ஏண்ணே, எதைக் கேட்டாலும் 'ஆமா'ன்னு சொல்றீங்க?"

"பச்ச புள்ளிங்கோ மேடம். அவ்ளோ ஆசையா கேக்குதுங்கோ. 'இல்ல'ன்னா மூஞ்சி தொங்கிப்பூடுது."

"தொங்கட்டும். இனிமே 'இல்ல'ன்னே சொல்லுங்க."

அடுத்த மாணவன் அருள் வந்தான்.

"உங்க பேர் தேவராஜ்தானே?"

"இல்ல."

"அம்பத்தூரா?"

"இல்ல."

அருள் மிரண்டுபோனான். "ஐயா, சுயநினைவோடதானே இருக்கீங்க?"

"இல்லப்பா."

ஆக்னஸ் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வாயே திறக்காதீங்க!"

தேவராஜ் கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டார். அடுத்து வந்த ஜோதிகா மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரே தாவலில் கட்டிலேறி, அவர் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து, உரலில் மாவிடிப்பதுபோல் இடிக்கத் தொடங்கினாள்.

"ஐயோ! உசுரோடதான் கீறேன், உடு தாயி!"

"மேடம், பேஷன்ட் பிழைச்சிட்டார்!"

சரியாக அந்த நேரத்தில் கோட்டுப் போட்ட ஒருவரும் பட்டுப்புடவை கட்டிய அம்மாள் ஒருவரும் உள்ளே நுழைந்தார்கள்.

கமிட்டி வந்துவிட்டது! ஆக்னஸ் அவசரமாக அவர்கள் எதிரே ஓடினார். "சார், இது... நோயாளி கொஞ்சம் குழப்பிட்டார்..."

"கொயப்பணும் மேடம்! அப்பத்தான் புள்ளிங்க கத்துக்கும்!" என்றார் கோட்டுக்காரர்.

"அப்போ இந்தத் தேர்வை வருஷா வருஷம் வைக்கலாமா?"

"தாராளமா!"

ஆக்னஸுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "தனியா ஒரு பயிற்சிக்கூடம் வேணும் சார்."

"ரெண்டா கட்டிக்கோங்க!" என்றார் பட்டுப்புடவை அம்மாள்.

ஆக்னஸ் நீட்டிய ஒப்புதல் தாளில் இருவரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். மூன்று வருஷத் தவம் மூன்று நிமிஷத்தில் பலித்துவிட்டது! ஆக்னஸ் அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஆடியபடியே வராந்தாவுக்கு வந்தார்.

எதிரே அட்டெண்டர் பாபு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மேடம், கமிட்டி காரு இப்பத்தான் குமணன்சாவடி சிக்னலாண்ட நிக்குதாம், அதுக்குள்ள ஒத்திகை பாக்க பிரின்சிபால் சொல்லி ரெண்டு டூப்பு கமிட்டிய அனுப்புனேனே, 'மேடம் பயந்துகினு கீறாங்க, இன்னா கேட்டாலும் சரின்னு சொல்லுங்கோ'ன்னு, ஒயுங்கா நடிச்சாங்களா?"