கையுறை தெரிவுக் குழு: செயலாளரின் அறிக்கை

குளிருக்குக் கையுறை தெரிவு செய்வதில் கனடாத் தமிழருள் எனக்கு நிகரான இன்னொருவர் இல்லை என்பதை மிகுந்த அடக்கத்தோடு இங்கே பதிவு செய்கிறேன்.

1996 தை மாதம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சுபாங்கி ஒரு படிவத்தை நீட்டினாள். பள்ளிக்கூடத்தால் ஸ்னோபோர்டிங் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். 'ஆபத்துகளை அறிந்து சம்மதிக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே பெற்றோர் கையொப்பம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

"அப்பா, சைன் பண்ணுங்கோ."

"பொறு பிள்ளை. முதல்ல நல்ல கிளவ்ஸ் பாப்பம். கை விறைச்சால் என்ன செய்வாய்?"

நான் பழைய மாணவர் சங்கச் செயலாளர். நாளுக்குப் பத்துக் கையொப்பம் போடுகிறவன். ஆனாலும் குழு போடாமல் ஒரு காரியம் செய்து பழக்கமில்லை. அன்றே வோபர்ன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் 'கையுறை தெரிவுக் குழு' அமைக்கப்பட்டது. தொழில்நுட்ப ஆலோசகர் நீக்கிலாப்பிள்ளை அண்ணை. மீன் கொம்பனியின் குளிர் அறையில் ஏழு வருடம் பெட்டி தூக்கி 'ஆராய்ச்சி' செய்தவர்.

"ஸ்னோபோர்ட் எண்டால் என்ன தம்பி?" என்று கேட்டு ஆலோசகர் கூட்டத்தைத் தொடக்கி வைத்தார்.

"பலகையில நிண்டு மலையால சறுக்கிறது அண்ணை."

"ஏன்?"

அந்த விடயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

ஆறு கடை ஏறி இறங்கி மூன்று சோடி வாங்கி வந்தோம். வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தோம். கையுறையின் பெருவிரலை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துத் தையலைச் சோதித்தோம். கடைசியாக, வென்ற சோடியை மாட்டிக்கொண்டு ஃபிரீசருக்குள் ஆட்டிறைச்சிக்குப் பக்கத்தில் கையை வைத்து அரை மணித்தியாலம் நின்றேன்.

"இஞ்சேருங்கோ, கறி வைக்கவேணும். கையை எடுங்கோ" என்றாள் மனைவி பிரதீபா. விஞ்ஞானத்துக்கு வீட்டில் என்றைக்குத்தான் மரியாதை இருந்தது.

உள்ளே கம்பளி, உள்ளங்கையில் தோல். வளருகிற பிள்ளை என்பதால் இரண்டு அளவு பெரிதாக எடுத்திருந்தோம். குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.

சுபாங்கி போட்டுப் பார்த்தாள். "இது உங்கட கைக்குத்தான் அளவு. போம் எங்க அப்பா?"

படிவம் கூட்டக் குறிப்புக் கோவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. வெள்ளி போய்த் திங்களும் வந்திருந்தது.

"ரீச்சர் லிஸ்ற்றைக் குடுத்திட்டா. என்ர பேர் இல்லை."

"அடுத்த வருசம் போகலாம் பிள்ளை. கிளவ்ஸ் இருக்குத்தானே."

"நான் விழுந்திடுவன் எண்டு உங்களுக்குப் பயமெண்டால், வேண்டாமெண்டு நேர சொல்லியிருக்கலாம் அப்பா."

அவள் அழவில்லை. கையுறையைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருடம் படிவம் என்னிடம் வரவேயில்லை. தாய் கையெழுத்துப் போட்டாள். சிநேகிதியின் மெல்லிய கையுறையோடு போனவள், விரல் சிவந்து, சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

குழு தெரிவு செய்த சோடியைக் கார்க் கண்ணாடியில் பனி சுரண்ட நான் போடுகிறேன். தெரிவில் ஒரு பிழையும் இல்லை. இன்னும் ஒரு தையல்கூட விடவில்லை. கையெழுத்துப் போடாமல் ஒளித்த கை, அதற்குள் வெகு கதகதப்பாகவே இருக்கிறது.