அரை மீசை கெமிஸ்ட்ரி

யாராவது எதையாவது விளக்க ஆரம்பித்தால் "எனக்குத் தெரியும்" என்று பாதியிலேயே வெட்டிவிடுகிற வியாதி எனக்கு உண்டு. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்ததும் அது முற்றிவிட்டது. (செகண்ட் கிளாஸ்தான். யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.) இப்போது ஓரளவு குணம். குணமாக்கியது ஒரு மெழுகுவத்தி.

என் மாமனார் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தத் தூசி மட்டும் அவர் நுரையீரலை விட்டு ரிட்டையர் ஆகவில்லை. போன மழைக்காலத்தில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே அவருக்குக் கஞ்சியும் பிடிக்கவில்லை, பக்கத்துக் கட்டில்காரரையும் பிடிக்கவில்லை. தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, என்னை ஊட்டுக்கு இட்டுனு பூடுங்க. இங்க கெடந்தா நான் செத்துடுவேன்" என்பார்.

டாக்டரம்மா யோசித்தார். "ஆக்சிஜன் மிஷின் தரோம். பொறுப்பா ஒருத்தர் பாத்துக்கணும். ஏதாவது தப்பு நடந்தா மிஷினும் திரும்பி வரும், அவரும் இங்கயே திரும்பி வருவாரு."

"நான் இருக்கேன் மேடம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி" என்றேன். ஃபாரத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார்கள்.

ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் மிஷினை வைத்தார்கள். அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, சின்னக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற பெட்டி அது. மாட்ட வந்த பையன், "சார், நெருப்பு..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும்பா. ஆக்சிஜன் தானா எரியாது. மத்தது எரியறதுக்கு உதவி பண்ணும், அவ்ளோதான்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எச்சரிக்கைத் தாளை என் மனைவி ஸ்டெல்லாவிடம் கொடுத்தான். எனக்குச் சுருக்கென்றது. ஸ்டெல்லா பி.காம்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்டெல்லா சமையற்கட்டில் இருந்தாள். மாமா மூக்குக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். "இன்னா மாப்ள, சத்தம் மட்டும் வருது, காத்து வர்ற மாரி தெரியல. கெட்டுப் போச்சா?" மிஷின் கெட்டால் மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டில்தான் என்கிற பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. குழாயைக் கழற்றித் தலையணைமேல் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி பாத்ரூமுக்குப் போனார். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. (நிறுத்த வேண்டும். தாளில் இருக்கிறதாம்.)

எனக்கு அப்போதுதான் அறிவு வேலை செய்தது. விசேஷத்துக்கு விசேஷம் மாமா சொல்கிற கதை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் புது லெவலில், அதாவது புதுத் தளத்தில், நுழையும்போது மெழுகுவத்தியை நீட்டிப் பார்ப்பார்களாம். சுடர் அணைந்தால் ஓடி வந்துவிட வேண்டும். நின்று எரிந்தால் நல்ல காற்று. மாமா திரும்பி வருவதற்குள் அவர் பாணியிலேயே சோதித்துக் காட்டிவிட்டால், கல்யாணமாகி பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என்னை மதிப்பார்.

மாதா படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியை எடுத்து வந்தேன். முதலில் குழாயை என் மூக்கில் மாட்டி இரண்டு நிமிஷம் இழுத்துப் பார்த்தேன். (ஆராய்ச்சி.) பிறகு கழற்றி, அதன் நுனியில் மெழுகுவத்தியை நீட்டினேன்.

நல்ல காற்றுதான். அதில் சந்தேகமே இல்லை.

பருப்பு அளவு இருந்த சுடர் வெள்ளையாக எழுந்து நின்றது. குழாய் நுனி பற்றி உருகிச் சொட்டியது. இரண்டு நிமிஷம் ஆக்சிஜன் குடித்திருந்த என் மீசையின் இடது பாதி 'சர்ர்' என்று போயே போய்விட்டது. எரியும் குழாயைக் கையில் பிடித்தபடி நான் சொன்னது இதுதான்: "ஸ்டெல்லா, ஆக்சிஜன் வருது."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே போய் ஸ்விட்சை அணைத்தாள். உடனே நெருப்பு சுருங்கியது. ஈரத் துணியால் அமுக்கினாள், மெழுகுவத்தியை ஊதினாள், ஜன்னல்களைத் திறந்தாள். தலையணையை வாசலுக்கு எறிந்தாள். அடுத்து என்னைத் தள்ளினாள். "வெளிய நில்லுங்க. சட்டையெல்லாம் அந்தக் காத்துதான் கீது."

வாசலிலிருந்து பார்த்தேன். மாமா பாத்ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். அந்தக் குழாய் அவர் மூக்கில் இருக்கும்போது நான் இதைச் செய்திருந்தால்?

காற்றோட்டம் வந்த பிறகு ஸ்டெல்லா வேறு குழாய் மாட்டி, மிஷினைப் போட்டு, நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தாள். குமிழ் குமிழாக வந்தது. "வருதான்னு இப்படித்தான் பாக்கணும். ரெண்டாம் பக்கம், நாலாவது வரி" என்றாள்.

மறுநாள் மிஷினைச் சரிபார்க்க அதே பையன் வந்தான். கருகிய குழாயைப் பார்த்தான், என் மீசையைப் பார்த்தான். "மேடத்துகிட்ட சொல்லித்தான் ஆவணும். மிஷின எடுத்துனு வரச் சொல்வாங்க."

மாமா மிஷின்மேல் கையை வைத்துக்கொண்டார். ஜன்மத்தில் முதல் தடவையாக எனக்கு எதையும் விளக்கத் தோன்றவில்லை.

"தம்பி, மிஷின் மேல தப்பில்ல, என் மேலயும் இல்ல" என்றார் மாமா. "மிஷின் இங்கயே இருக்கட்டும். மாப்ளைய எடுத்துனு போ."

பையன் சிரித்துவிட்டான். போனில் கேட்ட டாக்டரம்மாவும் சிரித்தாராம். ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டார்: ஃபாரத்தில் பொறுப்பாளர் பெயரை அடித்துவிட்டு ஸ்டெல்லா, பி.காம். என்று எழுத வேண்டும். எழுதினார்கள்.

மாமா வீட்டில்தான் இருக்கிறார். ஹாலில் தீக்குச்சி கிடையாது. மாதாவுக்கே பேட்டரி விளக்குதான். என் பெண்ணின் பிறந்தநாள் கேக்கை மொட்டை மாடியில் வெட்டினோம். மெழுகுவத்தி ஏற்றியதும் கீழேயிருந்து மாமாவின் குரல்.

"மாப்ள மேலயா கீறாரு?"

"ஆமாப்பா" என்றாள் ஸ்டெல்லா.

"காத்து நல்லா கீதான்னு அவரையே பாத்து சொல்லச் சொல்லு."